உப்புக் காற்று அடிக்கிற ஊரில் வீட்டுக் காவல்: பயனுள்ள குறிப்புகள்

கேமரா, சென்சார், சைரன் என்று நம் தூத்துக்குடியிலும் இப்போது நிறைய வீடுகளில் மாட்டிவிட்டோம். ஆனால் மதுரைக்கும் கோவைக்கும் சொல்கிற யோசனை அப்படியே நமக்கு ஒத்துவராது. உப்பளத்தையும் கடலையும் தொட்டுக்கொண்டு வருகிற காற்று, திருடன் வருவதற்கு முன்பே பூட்டையும் திருகாணியையும் தின்றுவிடுகிறது. வாங்கும்போது சிக்கனம் பார்ப்பதைவிட, வாங்கியதைக் கெடாமல் வைத்துக்கொள்வதில்தான் நமக்குக் காசு மிச்சம். நான் செய்து பார்த்ததும், அக்கம்பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டதும் இவை.

1. முதலில் காசு கேட்காத வேலை. ஒரு சாயங்காலம் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே நின்று, சாவி தொலைந்தால் நாம் எப்படி உள்ளே போவோம் என்று சுற்றிப் பாருங்கள். குழாயைப் பிடித்து எங்கே ஏறலாம், ஏ.சி. பெட்டி மேல் எங்கே கால் வைக்கலாம், எந்த ஜன்னலில் கை விடலாம் என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். அந்த இடங்களுக்குத்தான் முதல் செலவு.

2. பெரும்பாலான வீட்டில் இளைத்த கதவு மொட்டை மாடிக் கதவுதான். முன்வாசலுக்குத் தேக்கும் பித்தளையும் போடுகிறோம், மாடிக்குத் தகரமும் ஒற்றைத் தாழ்ப்பாளும் போதும் என்று விட்டுவிடுகிறோம். உள்பக்கம் குறுக்கே ஒரு இரும்புப் பட்டை விழுகிற மாதிரி வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ளுங்கள். எந்தக் கேமராவையும்விட அது மலிவு.

3. கதவுக்குப் பக்கத்திலேயே ஜன்னல் இருந்து, கம்பிக்குள் கை விட்டால் தாழ்ப்பாள் எட்டுகிறதா? தாழ்ப்பாளை மேலே ஏற்றுங்கள், அல்லது அந்த ஜன்னலுக்கு மட்டும் துளை சின்னதான கம்பிவலை அடியுங்கள். கொசுத் தொல்லையும் குறையும்.

4. வெக்கைக்கு ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிற ஊர் நமது. ஜன்னலோரம் சட்டை, கைப்பை, சார்ஜில் போட்ட போன் எதுவும் வேண்டாம். கம்பு நுனியில் ஒரு கொக்கி கட்டினால் போதும், வீட்டுக்குள் கால் வைக்காமலே எடுத்துவிடலாம்.

5. ஏணி, கடப்பாரை, படகுக் கயிறு, நங்கூரம் எல்லாம் புறவாசலில் கிடந்தால் அவை திருட வருகிறவனுக்கு நாம் எடுத்து வைத்த ஆயுதம். ஏணியை மட்டுமாவது ஜன்னல் கம்பியோடு சங்கிலி போட்டுப் பூட்டிவிடுங்கள்.

6. மிதியடிக்கு அடியில், துளசி மாடத்தில், மீட்டர் பெட்டியின் மேல், வாசலில் கிடக்கும் பழைய செருப்புக்குள் சாவி வைக்காதீர்கள். இந்த இடங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். ஒரு சாவியைப் பக்கத்துத் தெருவில் இருக்கிற சொந்தத்திடம் கொடுத்து வையுங்கள்.

7. வெளியே தொங்குகிற பூட்டு பித்தளையாக இருக்கட்டும். இறுகிப்போனால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். ஆனி, ஆடிக் கச்சான் காற்றில் வருகிற புழுதி எண்ணெயோடு சேர்ந்து உள்ளே பிசினாகிவிடும். பிள்ளைகளின் 2பி பென்சிலால் சாவியின் இரண்டு பக்கமும் கறுப்பாகத் தேய்த்து, நாலைந்து தடவை உள்ளே விட்டு எடுங்கள். பூட்டு வழுக்கிக்கொண்டு திறக்கும்.

8. பழைய சைக்கிள் டியூபில் ஒரு சாண் வெட்டி, கேட்டுப் பூட்டின் மேல் கூரை மாதிரி தொங்க விடுங்கள். மழையும் உப்பும் சாவித்துவாரத்தில் இறங்காது. சைக்கிள் கடையில் கேட்டால் ஓட்டை டியூபைச் சும்மாவே தருவார்கள்.

9. இனி கேமராவுக்கு வருவோம். எங்கள் வீட்டு முன்கேமரா ஒன்றரை வருஷத்தில் தலை தொங்கிப்போய்த் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கேமராவுக்கு ஒரு குறையும் இல்லை. ஏணி போட்டு ஏறித் திருகாணியைத் தொட்டேன், விரலிடுக்கில் செங்கல் பொடியாக உதிர்ந்தது. சரிசெய்ய வந்த தம்பி, “அக்கா, கேமராவுக்கு ஆயிரக்கணக்கில கொடுக்கிறாங்க, ஸ்க்ரூவுக்கு அஞ்சு ரூபா கூடக் கொடுக்க யோசிக்கிறாங்க” என்றார். அன்றிலிருந்து எந்தச் சாமான் மாட்ட வந்தாலும், பெட்டியோடு வருகிற திருகாணியை ஓரமாக வைத்துவிட்டுக் கடையில் நல்லதாக வாங்கிக் கொடுத்துவிடுகிறேன்.

10. எவர்சில்வர் என்றால் துருவே பிடிக்காது என்று நம்பிவிடாதீர்கள். சாதாரணமாகக் கிடைப்பது 304 ரகம். கடலோரத்தில் அதிலும் பொட்டுப் பொட்டாகக் குழி விழும். 316 ரகத்தில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பை நன்றாகத் தாங்கும். துறைமுகப் பக்கம் கப்பல் சாமான் விற்கிற கடைகளில் 316 என்று கேட்டு வாங்குங்கள். திரேஸ்புரம், இனிகோ நகர் மாதிரி கடலைத் தொட்டிருக்கிற இடங்களில் இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

11. பித்தளைத் தாழ்ப்பாளுக்கு இரும்புத் திருகு, எவர்சில்வர் பட்டைக்கு இரும்பு ஆணி என்று கலந்து போடாதீர்கள். இரண்டு உலோகம் உப்பு ஈரத்தில் ஒட்டியிருந்தால் ஒன்று மற்றதைச் சீக்கிரம் அரிக்க வைக்கும், நம் வீட்டில் அரிபடுவது பெரும்பாலும் இரும்பாகத்தான் இருக்கும். ஏற்கெனவே மாட்டிவிட்டீர்கள் என்றால் திருகின் தலையில் வாஸ்லின் கொஞ்சம் தடவி வையுங்கள்.

12. கேமரா அட்டையில் ஐ.பி. 66 என்று போட்டிருப்பார்கள். முதல் 6 புழுதி உள்ளே போகாது என்பதற்கு. அடுத்த 6 வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரையும் தாங்கும் என்பதற்கு. உப்பு அரிப்பைப் பற்றி அந்த எண் ஒன்றுமே சொல்வதில்லை. அதனால் நம் ஊருக்கு உலோக உடம்பைவிடக் கனமான பிளாஸ்டிக் உடம்புக் கேமராவே மேல்.

13. ராத்திரியில் மட்டும் படம் பனி மூடினது போல் வெள்ளையாகத் தெரிகிறதா? கேமரா கெட்டுவிட்டது என்று ஆளைக் கூப்பிட வேண்டாம். கண்ணாடியில் படிந்த உப்புப் படலத்தில், இருட்டில் பார்க்க உதவுகிற அகச்சிவப்பு வெளிச்சம் பட்டுச் சிதறுகிறது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை துடைத்தால் போதும். ஆனால் போர் தண்ணீரில் துடைத்தால் உப்பின் மேல் உப்புதான். ஏ.சி. குழாயில் சொட்டுகிற தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வையுங்கள், அதில் உப்பு இருக்காது. பழைய பனியன் துணியை நனைத்து, அழுத்தாமல் ஒற்றி எடுத்துவிட்டு, அதே கையோடு சிலந்தி வலையையும் எடுத்துவிடுங்கள். வலை ஆடினாலே ஆள் நடமாட்டம் என்று போனுக்குத் தகவல் வந்துகொண்டிருக்கும்.

14. கேமராவிலிருந்து சுவருக்குள் போகிற ஒயரை நேராக இழுத்துவிடாதீர்கள். துளைக்குக் கீழே ஒரு வளையம் தொங்கி, பிறகு மேலேறி உள்ளே போகட்டும். மழைத் தண்ணீர் அந்த வளையத்தின் அடியில் சொட்டிவிடும், வீட்டுக்குள் இறங்காது. ஒயர் சேருகிற இடம் வெளியே தொங்காமல் மூடி போட்ட பெட்டிக்குள் இருக்க வேண்டும்.

15. செருப்புப் பெட்டியிலும் மாத்திரை டப்பாவிலும் வருகிற சிலிக்கா பொட்டலங்களைத் தூக்கிப் போடாதீர்கள். அந்த ஒயர் பெட்டிக்குள் இரண்டு போட்டு மூடினால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சின்னப் பிள்ளைகள் கையில் மட்டும் கிடைக்கக் கூடாது.

16. நமக்குக் கிழக்கே கடல். கிழக்குப் பார்த்து மாட்டின கேமரா காலை ஆறு மணிக்குச் சூரியனை நேரே பார்த்துக் கண் கூசி நிற்கும். கொஞ்சம் கீழே சாய்த்து, மேலே ஒரு சின்ன மறைப்பு வையுங்கள். உயரம் எட்டு, ஒன்பது அடி போதும். அதற்கு மேலே போனால் வருகிறவனின் தலைதான் தெரியும், முகம் தெரியாது.

17. நாலு கேமரா, எட்டு கேமரா என்று கணக்குப் போட வேண்டாம். வாசலுக்கு ஒன்று, புறவாசலும் மாடிப்படியும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒன்று; நடுத்தர வீட்டுக்கு இது போதும் என்பது என் கருத்து. படுக்கையறைக்குள் வேண்டவே வேண்டாம். பக்கத்து வீட்டு ஜன்னலும் குளியலறைப் பக்கமும் படத்தில் விழாமல் திருப்பி வைப்பது மரியாதை.

18. பதிவு எத்தனை நாள் நிற்கும் என்று வாங்கும்போதே கேளுங்கள். நாலு கேமராவும் நொடிக்கு 2 மெகாபிட் வீதம் இரவு பகலாகப் பதிந்தால் ஒரு நாளைக்குச் சுமார் 86 ஜி.பி. ஆகும், 1 டி.பி. ஹார்டு டிஸ்க் பதினோரு நாளில் நிறைந்து, பழையதை அழித்து எழுத ஆரம்பிக்கும். அசைவு இருக்கும்போது மட்டும் பதியச் சொன்னால் அதே டிஸ்க் இன்னும் பல நாள் வரும்.

19. கேமரா, பதிவுப் பெட்டி, வைஃபை எல்லாம் சேர்ந்து 40 வாட் இழுத்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு யூனிட், இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். இலவச 100 யூனிட்டுக்குள் அடங்குகிற சின்னக் குடும்பம் இதையும் கணக்கில் வைத்துக்கொண்டு வாங்குவது நல்லது.

20. மின்சாரம் போனால் எல்லாமே குருடு. கேமராவுக்கும் வைஃபைக்கும் பதிவுப் பெட்டிக்கும் மட்டும் 12 வோல்ட் மினி யு.பி.எஸ். கிடைக்கிறது, வாங்கும்போது இவற்றின் ஆம்பியர் எண்ணைப் பார்த்துப் பொருத்தமானதாக எடுங்கள். ஒரு கேமராவிலாவது மெமரி கார்டு போட்டு வையுங்கள். பதிவுப் பெட்டியையே தூக்கிக்கொண்டு போனாலும் அதில் படம் இருக்கும்.

21. 2023 டிசம்பர் 17, 18 யாருக்கு மறக்கும்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. முத்தம்மாள் காலனியிலும் பிரையன்ட் நகரிலும் இடுப்பளவு தண்ணீரில் வீட்டைப் பூட்டியும் பூட்டாமலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறினோம். டி.வி. ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் இருக்கிற பதிவுப் பெட்டி அந்த மாதிரி நாளில் முதலில் முழுகும். பரண் உயரத்தில், காற்றோட்டமாக, வெளியே தெரியாத இடத்தில் வையுங்கள். பத்திரம், பாஸ்போர்ட், நகை ரசீது எல்லாம் ஒரே தண்ணீர் புகாத பையில் அதற்குப் பக்கத்திலேயே இருந்தால் கிளம்பும்போது ஒரே எட்டில் எடுத்துவிடலாம்.

22. கேமரா மாட்டின அன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றுங்கள், மாட்டின ஆள் முன்னாலேயே வேண்டாம், அவர் போன பிறகு. 2016-ல் மிராய் என்ற கிருமி நிரல், கம்பெனி போட்டுக் கொடுத்த பெயர், கடவுச்சொல் ஜோடிகளில் அறுபது சொச்சத்தை வைத்துக்கொண்டே உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் பிடித்துப்போட்டது. மகன் பெயரும் பிறந்த வருஷமும் சேர்த்து வைப்பதும் அதே ஆபத்துதான். நம் வீட்டு ஆச்சி சொல்கிற ஒரு சொலவடையை எடுத்து, நடுவில் எண்ணைச் செருகி வையுங்கள்.

23. பெயர் தெரியாத மலிவுக் கேமராவைப் பார்த்து ஏமாறாதீர்கள். 2025 ஏப்ரலிலிருந்து நம் நாட்டில் விற்கிற இணையக் கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறியிருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி வைத்திருக்கிறது. எஸ்.டி.க்யூ.சி. சோதனை முடிந்த மாடலா என்று கடையில் கேட்டு, பில்லில் மாடல் எண்ணை எழுதி வாங்குங்கள்.

24. வீட்டுக்காரர் கப்பலில் இருக்கிற குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. நடுக்கடலில் இணையம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. எச்சரிக்கை அவர் போனுக்கு மட்டும் போகிற மாதிரி வைத்துவிடாதீர்கள். உங்கள் போன், ஊரிலேயே இருக்கிற தம்பி அல்லது மாமா போன் இரண்டுக்கும் போகட்டும், அவருக்கு ஓடுகிற படத்துக்குப் பதில் ஒற்றைப் படம் மட்டும் போனால் போதும். பார்க்கிற உரிமை மட்டும் கொடுங்கள், அழிக்கிற உரிமை ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும்.

25. ஆள் அசைந்தால் கூவுகிற சென்சார், உடம்புச் சூட்டுக்கும் சுற்றியிருக்கிற சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது. அக்னி நட்சத்திரத்தில் சுவரே உடம்பு மாதிரி கொதிக்கும்போது அதற்கு ஆள் தெரிவது மந்தமாகும். வெயில் காலத்தில் ஒருமுறை நீங்களே முன்னால் நடந்து பாருங்கள். ஏ.சி.யின் வெளிப்பெட்டி அடிக்கிற அனலுக்கு எதிரே மாட்டினால் வீணாகக் கூவும்.

26. கதவு திறந்தால் அலறுகிற காந்த சென்சார் இருக்கிறதே, இத்தனை சாமானிலும் காசுக்கு மதிப்பானது அதுதான் என்பேன். சின்ன செல்லில் ஓடும், இரண்டு பக்கப் பசையில் ஒட்டிவிடலாம், எலக்ட்ரீஷியன் வேண்டாம். மாடிக் கதவுக்கு ஒன்று, புறவாசலுக்கு ஒன்று போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செல்லைக் கழற்றி, அது தொடுகிற கம்பியில் பச்சை படிந்திருந்தால் பென்சில் ரப்பரால் தேய்த்துவிடுங்கள்.

27. திருட்டு நடந்தால் தானாகப் போன் போடுகிற சைரன் வைத்திருக்கிறீர்களா? அதற்குள் இருக்கிற சிம் கார்டுக்கு ரீசார்ஜ் போட்டது எப்போது என்று பாருங்கள். மாதம் முதல் வெள்ளிக்கிழமை, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு ஒருமுறை கூவ வைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம்.

28. ஊருக்குப் போகும்போது வாசல் லைட்டைப் போட்டுவிட்டுப் போனால், பகலிலும் எரிகிற லைட் ‘வீட்டில் ஆளில்லை’ என்று தெருவுக்கே சொல்லும். இருட்டினால் எரிந்து விடிந்தால் அணைகிற 9 வாட் எல்.இ.டி. பல்பு போடுங்கள். தினம் 12 மணி நேரம் எரிந்தாலும் மாதம் மூன்றேகால் யூனிட்தான். புறவாசலுக்கு ஆள் வந்தால் மட்டும் எரிகிற வகை இன்னும் சிக்கனம்.

29. விரல் வைத்தால் திறக்கிற பூட்டு வாங்குகிறவர்கள், சாவித்துவாரமும் உள்ள மாடலாக வாங்குங்கள். உப்பளத்திலும் மீன் வேலையிலும் கை தேய்ந்தவர்களின் ரேகையை அது பல நேரம் படிக்காது; எண்ணும் சாவியும் மாற்றுவழியாக இருக்க வேண்டும். பேட்டரி தீர்ந்தால் வெளியிலிருந்து கொஞ்ச நேரம் மின்சாரம் கொடுத்துத் திறக்கிற வசதி பல மாடல்களில் உண்டு, எப்படி என்று வாங்கும் அன்றே செய்து பார்த்துவிடுங்கள். வெயிலும் சாரலும் நேரே அடிக்கிற வெளிக் கேட்டுக்கு இது ஆகாது, வீட்டுக் கதவுக்குத்தான்.

30. வயதானவர்கள் பகலில் தனியாக இருக்கிற வீட்டுக்குக் கேமரா வைத்த அழைப்புமணி நல்ல துணை. ‘நகைக்குப் பாலிஷ் போட்டுத் தாறோம்’, ‘குடிக்கத் தண்ணி தாங்கம்மா’ என்று வருகிறவர்களிடம் கதவைத் திறக்காமலே பேசிவிடலாம். ஆச்சிமாருக்கு ஆப் எல்லாம் சொல்லிக் கொடுக்க முடியாவிட்டால், மகளோ மருமகளோ வேலையிடத்திலிருந்தே பதில் பேசுகிற மாதிரி அமைத்துக் கொடுங்கள்.

31. முத்துச் சலாபக் காலத்துச் செய்தி ஒன்று சொல்கிறேன். நம் கரையில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-ல். அந்தக் காலத்தில் சிப்பிகளை வேலி கட்டின கொட்டிலில் குவித்து அழுக விட்டு, பிறகு கழுவி முத்தெடுப்பார்கள். கழுவுகிறவர்களின் கை வாய்ப்பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளத் தனிக் காவல் நின்றது. விலை உயர்ந்த பொருளைச் சிதற விடாமல் ஒரே இடத்தில் வைத்து, அந்த இடத்தைக் கண் மறையாமல் பார்ப்பதுதான் அந்தக் காவல். வீட்டில் பெயின்ட் வேலை, மரவேலை நடக்கும்போது இதையே செய்யுங்கள்: நகை, பணம், பத்திரம் எல்லாம் ஒரே பீரோவில், அந்த அறை பூட்டியிருக்க வேண்டும், போகவர ஒரே வாசல். நம்பி வேலைக்கு வருகிறவர்களுக்கும் வீண்பழி வராது.

32. நகை ஒவ்வொன்றையும் ரசீதோடு வைத்துப் போனில் படம் எடுத்து, ஒரு பிரதியைச் சொந்தக்காரர் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கின ஹால்மார்க் நகையில் எச்.யு.ஐ.டி. என்ற ஆறு எழுத்து அடையாளம் இருக்கும். அதையும் எழுதி வைத்தால், பிடிபட்ட நகை உங்களுடையது என்று காட்டுவது சுலபம்.

33. பாட்டி காலத்து முத்துமாலைக்கு அப்படி எந்த முத்திரையும் கிடையாது. அடிக்குச்சிக்குப் பக்கத்தில் வைத்து, கொக்கியும் முத்தின் நிறமும் தெரிகிற மாதிரி பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் உறையில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடினால் முத்து ஒளி மங்கும், மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

34. லாக்கரில் வைத்துவிட்டால் முழுக்கப் பொறுப்பு வங்கிக்கு என்று நினைக்காதீர்கள். 2022 ஜனவரி முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, வங்கியில் திருட்டு, தீ, ஊழியர் மோசடி என்று நடந்தால் வங்கி தருவது ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரை. வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். அதற்கு மேல் நகை இருந்தால் தனியாக இன்சூரன்ஸ் எடுப்பது நல்லது.

35. வீட்டு இன்சூரன்ஸில் ‘பாரத் க்ருஹ ரக்ஷா’ என்ற பொதுவான பாலிசி 2021-லிருந்து இருக்கிறது. வெள்ளம், புயல், தீ எல்லாம் அதில் வரும். ஆனால் திருட்டு என்றால், அப்படி ஒரு சேதம் நடந்து ஏழு நாளுக்குள் நடந்த திருட்டு மட்டும்தான். சாதாரண நாளில் பூட்டை உடைத்துத் திருடினால் பணம் கிடைக்க ‘பர்க்லரி’ என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். முகவரிடம் இந்த ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்.

36. மூன்று நாள் கோலம் இல்லாத வாசல், கேட்டில் செருகின பேப்பர், தொங்குகிற பால் பை: இந்த மூன்றும் வீட்டைக் காட்டிக்கொடுக்கும். பாலையும் பேப்பரையும் நிறுத்தச் சொல்லுங்கள், எதிர்வீட்டு அக்காவிடம் உங்கள் வாசலுக்கும் நாலு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது ஒரு பாக்கெட் மக்ரூன் வாங்கிக் கொடுத்தால் அடுத்த தடவையும் சந்தோஷமாகச் செய்வார்கள்.

37. ‘குலசை தசராவில் நாங்கள்’ என்று அங்கிருந்தே ஸ்டேட்டஸ் போடாதீர்கள். வீடு வந்து சேர்ந்து பூட்டைத் திறந்த பிறகு எத்தனை படம் வேண்டுமானாலும் போடலாம்.

38. இரண்டு நாளுக்கு மேல் வெளியூர் என்றால் நம் பகுதிக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். ரோந்து வருகிறவர்கள் வாசலை ஒரு பார்வை பார்ப்பார்கள். தமிழ்நாடு காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலியைப் போனில் ஏற்றி வையுங்கள், அதில் இருக்கிற அவசரப் பொத்தானை எப்படி அழுத்துவது என்று பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். 100, 112 இரண்டு எண்ணும் அடுக்களைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கட்டும்.

39. தெரு முனைக்குத் தெரு முனை ஒவ்வொரு கேமரா, பத்து வீடு சேர்ந்து செலவு. இது தனித்தனியாக மாட்டுவதைவிட ரொம்ப மலிவு. சென்னையில் ‘மூன்றாம் கண்’ என்று போலீசும் பொதுமக்களும் சேர்ந்து தெருத்தெருவாக வைத்தது இந்த முறையில்தான். யார் வீட்டு மின்சாரம், யார் துடைப்பது, படம் யார் பார்ப்பது என்று முதல் நாளே பேசி எழுதி வைத்துக்கொண்டால் பின்னால் மனஸ்தாபம் வராது.

40. நடக்கக் கூடாதது நடந்துவிட்டால் பீரோவைத் தொடாதீர்கள், அழுதுகொண்டே வீட்டைப் பெருக்கி ஒதுங்க வைக்காதீர்கள். கைரேகை எல்லாம் போய்விடும். வெளியே வந்து 100-க்கு அழையுங்கள். வெளியூரில் இருக்கும்போது தகவல் வந்தால், இப்போதைய சட்டப்படி எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். மின்னஞ்சல் மாதிரி வழியில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

41. அன்றைக்கே கேமராப் பதிவைப் பென்டிரைவில் எடுத்துவிடுங்கள், விட்டால் மேலே புதுசு பதிந்துவிடும். மூலப் பதிவு இருக்கிற டிஸ்க்கையும் அழிக்காமல் வையுங்கள். கோர்ட்டில் அது சாட்சியாக நிற்க, பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழும் வேண்டும், விசாரிக்கிற அதிகாரியிடம் கேட்டால் படிவம் தருவார். பெட்டியில் ஓடுகிற தேதியும் மணியும் சரியாக இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்துக்கொண்டால் அந்த நேரத்தில் தடுமாற வேண்டாம்.

42. பனிமய மாதா திருவிழாவுக்கு ஜூலை 26-ல் கொடியேறினால் ஆகஸ்ட் 5 வரைக்கும் ஊரே கோயில் பக்கம்தான். கந்தசஷ்டியில் சூரசம்ஹாரத்துக்குத் திருச்செந்தூர், கிறிஸ்துமஸில் நடுராத்திரிப் பூசை என்று வீடு பூட்டிக் கிடக்கிற நாட்கள் எல்லாருக்கும் தெரிந்த நாட்கள். தெருவில் வீட்டுக்கு ஒருவர் என்று முறை வைத்து இருந்துகொள்ளுங்கள். அடுத்த திருவிழாவுக்குக் கிளம்புவதற்கு முன்னால் இன்றைக்கே ஒருமுறை மாடி ஏறி, அந்தக் கதவுத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்துவிடுங்கள்.